பட்டி எந்த யானையில், மணி எந்த வலயத்தில்: வன்னி யானைத் தடத் தரவைச் சீராக்கும் ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு யானையின் கழுத்துப்பட்டி நான்கு மணிநேரத்துக்கு ஒரு தடவை ஜிபிஎஸ் புள்ளி எடுத்தால் வருடத்துக்கு 2,190 வரிகள் சேரும். மூன்று பட்டிகள் இரண்டு வருடம் ஓடினாலும் 13,140 வரிகள்தான். ஒரே எக்செல் தாளுக்குள் அடங்கிவிடும். இவ்வளவு சின்னக் கோப்பைக் காப்பாற்றுவதில் என்ன சிரமம் என்று கேட்கலாம். பட்டி எந்த யானையில் எந்த நாள் தொடக்கம் எந்த நாள் வரை இருந்தது, எழுதியிருக்கும் மணி எந்த நேர வலயத்து மணி, ஆள்கூறு எந்த வரைபட அடிப்படையில் எடுத்தது என்ற மூன்றும் அந்த வரிகளுக்குள் இருப்பதில்லை. யாரோ ஒருவரின் ஞாபகத்தில் இருக்கின்றன. திட்டம் முடிந்து அவர் வேறிடம் போனதும் எண்கள் மட்டும் மிஞ்சும்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது ஒரு மாதிரிக் கோப்புறை. பட்டி எண்களும் யானைகளும் திகதிகளும் விளக்கத்துக்காக அமைத்தவை. பிழைகளோ இத்தகைய கோப்புறைகளில் வழமையாகக் கிடப்பவை. களம் இலங்கையின் வடக்கிலுள்ள வன்னி: ஏ-9 வீதிக்குக் கிழக்கே நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் காடுகள், மேற்கே மடுப் பக்கம். காலம் 2016 நடுப்பகுதியிலிருந்து 2019 நடுப்பகுதி வரை.

கோப்புறைக்குள் இருந்தவை ஐந்து. பட்டி உற்பத்தியாளரின் இணையத்தளத்திலிருந்து இறக்கிய சீஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் உரை) கோப்புகள். அவற்றை யாரோ ஒட்டிச் சேர்த்த ஒரு எக்செல். பட்டி பூட்டிய அன்று எழுதிய களத்தாள்களின் கைபேசிப் படங்கள். பாமினி எழுத்துருவில் தட்டிய ஒரு வேர்ட் அறிக்கை. கமக்காரர் அமைப்பொன்று 1998 முதல் எழுதிவந்த யானைச் சேதக் குறிப்பேட்டின் படங்களும், பின்னாளில் அதிலிருந்து எடுத்த இடப்பட்டியலும். கேட்கப்படும் கேள்வி எளிது: மின்வேலியை எந்தக் குளக்கட்டுக்கு அப்பால் போடுவது? விடை முழுக்க இந்த ஐந்தும் ஒன்றோடொன்று பொருந்துவதில் தங்கியிருக்கிறது.

எதையும் திறப்பதற்கு முன் செய்யவேண்டியது ஒன்று உண்டு. முழுக் கோப்புறையையும் அப்படியே பிரதியெடுத்து, ‘மூலம்’ என்று பெயரிட்டு, வாசிக்க மட்டும் அனுமதி வைத்து, ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 கைரேகை எண் (கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் இது மாறிவிடும்) எடுத்து ஒரு உரைக்கோப்பில் எழுதிவைக்க வேண்டும். சீஎஸ்வியை எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறப்பதே ஆபத்து. 00731 என்ற பட்டி எண் 731 ஆகிவிடும். இரிடியம் செய்மதி மோடத்தின் 15 இலக்க ஐஎம்இஐ எண் (கருவியின் அடையாள எண்) ‘3.00234இ+14’ என்று சுருங்கித் தெரியும். அந்த நிலையில் திரும்பவும் சீஎஸ்வியாகச் சேமித்தால் திரையில் தெரிந்ததுதான் எழுதப்படும், மிச்ச இலக்கங்கள் போய்விடும். எல்லாப் பட்டிகளின் எண்ணும் ஒன்றேபோல ஆன பிறகு அதைப் பிரிக்க வழியில்லை. எக்செலில் பார்த்தே ஆகவேண்டும் என்றால் தரவு இறக்குமதி வழியாக, எண் நிரல்களை ‘உரை’ என்று குறித்துத் திறக்க வேண்டும்.

அணிவிப்பு அட்டவணை

விலங்குகளின் தடத் தரவைச் சேமிக்கும் மூவ்பேங்க் தரவுத்தளத்தின் அமைப்பில் விலங்கு, கருவி, அணிவிப்பு மூன்றும் தனித்தனி. யானை ஒரு அட்டவணை, பட்டி இன்னொன்று, எந்த யானையில் எந்தப் பட்டி எப்போது என்பது மூன்றாவது. 2021இல் உயிர்ப்பதிவு (விலங்கில் கருவி பூட்டித் தரவு எடுக்கும் துறை) ஆய்வாளர்கள் முன்வைத்த தரச் சட்டகமும் கருவி, அணிவிப்பு, உள்ளீட்டுத் தரவு என்றுதான் பிரிக்கிறது. களத்தில் இது வீண் வேலையாகத் தெரியும். பட்டி எண்ணையே யானையின் பெயராக வைத்துக்கொண்டால் போதாதா என்பார்கள். போதாது என்பதற்கு நம் கோப்புறையின் 00731 சாட்சி.

அந்தப் பட்டி 2016 ஓகஸ்டில் நெடுங்கேணிப் பக்கத்து ஆண் யானை ஒன்றுக்குப் போடப்பட்டது. 2017 நவம்பரில் பட்டை அறுந்து விழுந்தது. எடுத்து, மின்கலமும் பட்டையும் மாற்றி, 2018 மே மாதம் மடுப் பக்கத்துப் பெண் யானைக்குப் பூட்டினார்கள். எக்செலில் இரண்டும் ‘731’ என்ற ஒரே யானை. யானை நடக்கமுடியாத வேகத்தைக் காட்டும் புள்ளிகளைப் பிடிக்கும் வேக வடிகட்டி இந்தப் பிழையைப் பிடிக்காது. இரண்டு இடத்துக்கும் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் தூரம், ஆனால் இடையில் ஆறு மாத இடைவெளி. யானை ஆறு மாதத்தில் அவ்வளவு தூரம் நடந்தது என்றால் கணினிக்கு ஆட்சேபம் இல்லை. அடுத்து யாராவது வெளிப்புள்ளிகளைச் சுற்றிக் குவி பல்கோணம் போட்டு நடமாட்டப் பரப்பைக் கணித்தால், புளியங்குளம், மாங்குளம் பக்கமெல்லாம் அதற்குள் வந்துவிடும். ஏ-9 வீதியையும் வடக்குப் புகையிரதப் பாதையையும் கடக்கும் யானை ஒன்று இப்படித்தான் தாளில் பிறக்கிறது. பிறகு அந்த யானைக்கென்று ஒரு கடவைப் பாதையும் திட்டத்தில் ஏறும்.

அணிவிப்பு வரியில் இருக்கவேண்டியவை: யானையின் நிலையான அடையாளம் (பட்டி எண் அதில் கலக்கக் கூடாது, ‘கொம்பன்’ போன்ற செல்லப்பெயரும் போதாது, ஊருக்கு ஒரு கொம்பன் உண்டு), பால், மதிப்பிட்ட வயது, இடக்காது, வலக்காது, வால் நுனி ஆகிய மூன்றின் படங்களின் கோப்புப் பெயர், பட்டியின் தொடர் எண், ஐஎம்இஐ எண், விஎச்எப் வானொலி அலைவரிசை, பூட்டிய நேரமும் அதன் வலயமும், புள்ளி எடுக்கும் கால அட்டவணை, கழன்ற நேரம், கழன்ற காரணம். கடைசி இரண்டும்தான் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். மின்கலம் தீர்ந்ததா, பட்டை அறுந்ததா, யானை இறந்ததா, தெரியவில்லையா என்ற நான்கில் ஒன்றையாவது எழுதவேண்டும். ‘தெரியவில்லை’ என்பதும் ஒரு விடைதான், வெற்றிடம் விடையல்ல.

கழன்ற நாளைப் புள்ளிகளைப் பார்த்து ஊகிக்கும்போது கவனம் தேவை. ஒரே இடத்தில் இருபது முப்பது மீட்டருக்குள் புள்ளிகள் குவிந்தால் பட்டி விழுந்துவிட்டது என்று முடிவெடுப்பது வழமை. ஆனால் தீனிக்குள் மறைத்து வைக்கும் ஹக்கபட்டாஸ் வெடி கடித்து வாய் சிதைந்த யானை தின்ன முடியாமல் நீர்நிலையை அண்டி நாட்கணக்கில் நிற்கும். அதன் புள்ளிகளும் குவியும், கொஞ்சம் அகலமாக, குளத்து அலைகரையை ஒட்டி. பட்டியின் அசைவை அளக்கும் செயற்பாட்டு உணரியின் எண் முழுப் பூச்சியமா, இல்லை குறைந்திருக்கிறதா என்று பார்த்தால்தான் இரண்டையும் பிரிக்கலாம். அந்த நிரலைத் ‘தேவையில்லாதது’ என்று நீக்கிய கோப்பில் இந்த யானையின் கடைசி நாட்களை மீட்க முடியாது.

அணிவிப்புக் காலத்துக்கு வெளியே விழும் வரிகளும் உண்டு. பட்டியைக் கொழும்பில் மேசையில் வைத்துச் சோதித்தபோது வந்த புள்ளிகள், விழுந்த பட்டி ஜீப்பில் போனபோது வந்த புள்ளிகள். ஜீப்பில் போன பட்டி வவுனியா நகரை ஊடறுத்த யானையாகத் தெரியும். இவற்றை அழிக்க வேண்டாம். பூட்டிய, கழன்ற நேரங்களைச் சரியாக எழுதினால் அவை எந்த விலங்கோடும் சேராமல் தாமாகவே ஒதுங்கிவிடும். மேசைப் புள்ளிகளுக்கு ஒரு பயனும் இருக்கிறது: அசையாமல் இருந்த பட்டி எவ்வளவு சிதறியது என்பதே அந்தக் கருவியின் வழுவை அளக்கக் கையில் இருக்கும் ஒரே சான்று.

மணி

சேமிக்கும் நேரம் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம்; இலங்கை நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். வடிவம் வருடம்-மாதம்-நாள், பிறகு மணி:நிமிடம்:செக்கன். இலங்கை நேரம் வேண்டுமென்றால் தனி நிரலில் கணித்துக் காட்டலாம். விதி இவ்வளவுதான். கையில் இருக்கும் நிரல் எந்த நேரம் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

நான்கு மணிநேர அட்டவணைக்கு ஒரு வசதி உண்டு. பட்டி யூடிசியில் 00, 04, 08 என்று இயங்கினால் மூலக் கோப்பில் நிமிடம் 00 அல்லது 01, 02 ஆக இருக்கும். செய்மதிகளைப் பிடிக்க எடுக்கும் நேரம் அது. இலங்கை நேரத்துக்கு மாற்றியவற்றில் 05:30, 09:30, 13:30 என்று முப்பதை ஒட்டி வரும். நம் எக்செலில் 2017 மார்ச் வரை முப்பது, அதன் பிறகு பூச்சியம். இடையில் யாரோ இணையத்தளத்தின் நேர அமைப்பை மாற்றியிருக்கிறார்கள். ஐந்தரை மணிநேரப் பிசகு யானைத் தரவில் சின்ன விடயமல்ல. மாலை 5:30க்குக் காட்டு விளிம்பில் நின்றது நண்பகல் 12:00க்கு நின்றதாகிவிடும். இரவு 9:30க்கு வயலில் நின்றது பிற்பகல் 4:00க்கு நின்றதாகிவிடும். பகலில் வயலுக்குள் இறங்கும் யானை என்று அறிக்கை போகும்.

நாள்-மாதம் இடமாறுவது அடுத்தது. 05/08/2016 என்பதை அமெரிக்க அமைப்பில் உள்ள கணினி மே 8 என்று வாசிக்கும். 12ஆம் திகதிக்கு மேல் அது முடியாததால் அந்தச் செல்கள் உரையாகவே இடப்பக்கம் ஒட்டி நிற்கும். ஒரே நிரலில் சில திகதிகள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் நின்றால் சந்தேகமே வேண்டாம். திருத்தம் எக்செலில் அல்ல, மூல சீஎஸ்வியிலிருந்து மறுபடி தொடங்குவதில். மூலம் இல்லையென்றால் பட்டி அனுப்பும் செய்தித் தொடரெண்ணின் வரிசையில் அடுக்கினால் முன்பின் தெரிந்துவிடும். மக் கணினியில் உருவான பழைய எக்செல் கோப்புகளில் 1904 நாட்காட்டி இருக்கலாம். அப்போது எல்லாத் திகதியும் சரியாக 1,462 நாள் விலகும்.

2019 ஏப்ரல் 6 நள்ளிரவை ஒட்டி ஜிபிஎஸ் திகதியைக் கணக்கிடும் வார எண் 1,023இலிருந்து பூச்சியத்துக்குத் திரும்பியது. மென்பொருள் புதுப்பிக்காத பட்டிகள் அதன் பின் 1999 ஓகஸ்ட் என்று எழுதும். 1,024 வாரம், அதாவது 7,168 நாள் கூட்டினால் சரியாகும். மடுப் பக்கத்துப் பெண் யானையின் கடைசி மாதங்கள் எக்செலில் காணாமற்போனதற்குக் காரணம் இதுதான். ‘பிழையான வருடம்’ என்று யாரோ அழித்திருந்தார்கள், மூலத்தில் இருந்தன.

வன்னிக்கென்றே ஒரு பொறி உண்டு, வெளியூர் ஆய்வாளர்கள் அநேகமாக அதில் விழுவார்கள். 1996 மே 25இல் இலங்கை அரசு கடிகாரத்தை யூடிசி+6:30க்கு மாற்றியது. அதே வருடம் ஒக்டோபர் 26இல் +6:00 ஆக்கியது. 2006 ஏப்ரலில்தான் பழைய +5:30க்குத் திரும்பியது. அந்தக் காலம் முழுவதும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னிப் பகுதி +5:30ஐயே வைத்திருந்தது. ஆகவே 1998 முதலான சேதக் குறிப்பேட்டில் ‘இரவு 7 மணி’ என்று எழுதியிருந்தால், கணினியின் ‘ஆசியா/கொழும்பு’ வலயத்தைப் பயன்படுத்தி யூடிசிக்கு மாற்றுவது அரை மணிநேரம் தவறு. கணினி பிழை சொல்லாது. அதன் விதிப்படி அது சரி. இந்தக் காலத்துக் குறிப்புகளுக்கு ‘நேர வலயம்’ என்று ஒரு நிரல் வைத்து, எழுதியவர் எந்தப் பக்கத்தில் இருந்தார் என்பதைப் பார்த்து +5:30 அல்லது +6:00 என்று கையால் எழுதுவதே வழி. தீர்மானிக்க முடியாவிட்டால் மணியை அப்படியே உரையாக விட்டு, நேர நிச்சயமின்மை 30 நிமிடம் என்று குறிக்கலாம். சூரியன் மறைவதை ஒட்டி யானை இறங்கும் நேரத்தைப் பழைய காலத்தோடு ஒப்பிடுவோருக்கு இந்த அரை மணி பெரிய அரை மணி.

இடம்

பட்டி தருவது ஜிபிஎஸ் பயன்படுத்தும் உலக வரைபட அடிப்படையான டபிள்யூஜிஎஸ் 84இல் தசம பாகை. அதில் பிரச்சினை குறைவு. அகலாங்கும் நெட்டாங்கும் இடமாறினால் யானை வடதுருவக் கடலுக்குப் போய்விடும், உடனே தெரியும். 0, 0 என்று வந்தவை கினி வளைகுடாவில் மிதக்கும். வன்னிக்குள்ளேயே விழும் பிழைகள்தான் தப்பிவிடும்.

கையடக்க ஜிபிஎஸ் பலவும் பாகையும் தசம நிமிடமுமாகக் காட்டும். 9 பாகை 12.500 நிமிடத்தைக் களத்தாளில் 9.12500 என்று எழுதியிருப்பார்கள். உண்மையில் அது 9.20833. விலகல் 9 கிலோமீட்டருக்குச் சற்று மேல்; அதே காடுதான், வேறு குளம். சோதனை ஒன்று இருக்கிறது: தசமத்துக்குப் பின் வரும் முதல் இரண்டு இலக்கங்கள் முழு நிரலிலும் 59ஐத் தாண்டவே இல்லையென்றால் அது நிமிடம்.

சேதக் குறிப்பேட்டின் இடப்பட்டியல் 1:50,000 நில அளவைப் படத்தாளில் விரல் வைத்து எடுத்த கட்ட எண்களைக் கொண்டது. இலங்கையில் இரண்டு கட்டங்கள் புழக்கத்தில் உண்டு. பழையது கண்டவல அடிப்படை, போலித் தொடக்கம் (கட்டத்தின் தொடக்கப் புள்ளிக்குக் கொடுத்திருக்கும் எண்) இரு திசையிலும் 200,000 மீட்டர், ஈபிஎஸ்ஜி (ஆள்கூற்று முறைகளின் சர்வதேசக் குறியீட்டு எண்) 5234. புதியது எஸ்எல்டி 99, போலித் தொடக்கம் 500,000 மீட்டர், ஈபிஎஸ்ஜி 5235. ஒட்டுசுட்டான் அயலில் ஒரு புள்ளி பழைய கட்டத்தில் ஏறத்தாழ கிழக்கு 181000, வடக்கு 443000. புதியதில் கிழக்கு 481000, வடக்கு 743000. பழையதைப் புதியது என்று வாசித்தால் கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலில் விழும். அது நல்ல பிழை, ஒளியாது. கெட்ட பிழை வேறு: கண்டவலப் பாகையை டபிள்யூஜிஎஸ் 84 என்று நினைத்து மாற்றமில்லாமல் இடுவது. இங்கே அது இருநூறு மீட்டருக்குச் சற்றுக் கூடிய நகர்வு, பெரும்பாலும் கிழக்கு மேற்காக. குளக்கட்டின் எந்தப் பக்கம் யானை நின்றது, மின்வேலிக்கு உள்ளா வெளியா என்று கேட்கும் ஆய்வுக்கு இருநூறு மீட்டர் முழு விடையையும் புரட்டிவிடும். ஆகையால் மூல எண்களை அப்படியே இரண்டு நிரலில் வைத்து, ஈபிஎஸ்ஜி எண்ணை மூன்றாவதிலும் மாற்றிய பாகையை அடுத்த இரண்டிலும் எழுத வேண்டும். படத்தாளில் விரல் வைத்து எடுத்த புள்ளியின் நிச்சயமின்மையும் கூடவே போகவேண்டும். அதை ஜிபிஎஸ் புள்ளிக்குச் சமமாக நடத்தக் கூடாது.

கொடி நாட்டுதல்

சந்தேகப் புள்ளிகளை யாரும் அழிக்கக் கூடாது. கொடி நிரல் ஒன்றில் காரணக் குறியீடு இடவேண்டும். இரட்டிப்பு வரி (செய்மதி வழி வந்ததும் பட்டி நினைவகத்திலிருந்து இறக்கியதும் ஒன்றே), நேரப் பிழை, உயர்ந்த எச்டிஓபி (கிடைத் துல்லியக் குறைவைக் காட்டும் எண்), முன்னும் பின்னும் ஒரே இடம் இருக்க நடுவில் மட்டும் எகிறிய ஊசிப் புள்ளி. வேக எல்லை எவ்வளவு என்பது இடைவெளியைப் பொறுத்தது. யானை மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியதுதான். ஆனால் நான்கு மணிநேரம் தொடர்ந்து ஓடாது. எந்த எல்லை வைத்தாலும் அந்த எண்ணையும் கொடியிட்ட நிரலையும் கோப்புறையில் சேர்த்து வைக்கவேண்டும், அடுத்தவர் வேறு எல்லை வைத்துப் பார்ப்பார்.

இடம் கிடைக்காத வரிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பாலையும் வீரையும் நெருங்கிய காட்டுக்குள் பட்டி சிலவேளை செய்மதிகளைப் பிடிக்காமல் வெறும் நேரத்தை மட்டும் எழுதும். சீர்செய்கிறவர்கள் முதலில் நீக்குவது இந்த வெற்று வரிகளைத்தான். நீக்கினால் திறந்த வெளிப் புள்ளிகளின் பங்கு செயற்கையாகக் கூடும். குளத்தடியிலும் வயலிலுமே யானை வாழ்கிறது என்ற படம் வரும். எத்தனை முயற்சியில் எத்தனை வெற்றி என்ற விகிதம் தெரியாமல் வாழிடத் தெரிவு பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

பாமினியில் தட்டிய அறிக்கை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். யுனிகோடுக்கு மாற்றி, மூலத்தையும் வைத்து, பீடிஎப் படியொன்றும் எடுத்துவைத்தால் முடிந்தது. மாற்றியதை ஒருவர் கண்ணால் வாசிக்க வேண்டும். அறிக்கைக்குள் ஆங்கிலத்தில் இருந்த பட்டி எண்களும் கருவிப் பெயர்களும் மாற்றியில் சிக்கித் தமிழ் எழுத்தாகச் சிதைந்திருக்கும். ஊர்ப்பெயர்களுக்குக் கிராம அலுவலர் பிரிவையும் சேர்த்து எழுதவேண்டும். புதுக்குளம் என்ற பெயரில் ஊர்கள் பல.

எங்கே வைப்பது, யாருக்குக் காட்டுவது

உற்பத்தியாளரின் இணையத்தளம் காப்பகமல்ல. சந்தா முடிந்தால் கணக்குப் போகும், கடவுச்சொல் திட்ட அலுவலரின் மின்னஞ்சலோடு போகும். மூவ்பேங்கில் ஏற்றினால் அட்டவணைகள் ஒரே சொற்தொகுதியில் ஒழுங்காகும், யார் பார்க்கலாம் என்ற அனுமதியும் உரிமையாளர் கையில் இருக்கும். முடிந்த ஆய்வை அதன் களஞ்சியப் பிரிவுக்குக் கொடுத்தால் பரிசீலித்து டிஓஐ (நிலையான மேற்கோள் அடையாளம்) எண் தருவார்கள்; அதன் பிறகு அந்தப் பதிப்பு மாறாது. உயிரினப் பதிவுகளுக்கான டார்வின் கோர் வடிவில், உலக உயிர்ப்பல்வகைமைத் தரவுத்தளமான ஜிபிஐஎப்புக்குக் கொடுப்பதானால் முழுத் தடமும் தேவையில்லை, மணிக்கு ஒரு புள்ளியாகக் குறைத்துக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது.

உள்ளூரிலும் மூன்று படிகள் வேண்டும்: இரண்டு வகை ஊடகத்தில், ஒன்றாவது வேறு ஊரில். கிளிநொச்சி அலுவலகத்து மேசைக் கணினியும் அதில் எப்போதும் செருகியிருக்கும் வன்தட்டும் இரண்டு படிகள் அல்ல. ஒக்டோபர், நவம்பர் இடிமழையில் ஒரே மின்னல் இரண்டையும் கொண்டுபோகும். படியெடுத்ததும் கழற்றி வைக்கவேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை, பெரும்போகத்துக்கு முன்னால், கைரேகை எண்களை ஒப்பிட்டுப் பார்ப்பதும் கோப்புறையை விளக்கும் வாசிக்குறிப்பை மட்டும் வைத்து 00731இன் இரண்டு யானைகளைப் பிரிக்கும்படி புதியவர் ஒருவரிடம் கொடுப்பதும் நல்ல சோதனை. களத்தாள்களை 300 டிபிஐ வண்ணத்தில் வருடியபின் தாளை எறிய வேண்டாம். சுவரைத் தொடாத இரும்பு அலமாரியில், கீழ்த்தட்டை விட்டு மேலே வைத்தால் கறையான் எட்டாது.

திறந்து வைப்பதற்கும் எல்லை உண்டு. கொம்பு உள்ள ஆண் யானையின் இன்றைய இடம் யாருக்குத் தேவைப்படும் என்று சொல்லத் தேவையில்லை. உடனடிப் புள்ளிகள் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பான அலுவலர்களுக்கு மட்டும்; ஆய்வாளருக்குத் தாமதித்து; பொதுவெளிக்கு 0.1 பாகைக்குச் சுருக்கி, அதாவது ஏறத்தாழ 11 கிலோமீட்டர்க் கட்டமாக. சுருக்கியது என்பதையும் எவ்வளவு என்பதையும் தரவிலேயே எழுதாவிட்டால், அடுத்தவர் அதைத் துல்லியமான புள்ளி என்று எடுத்துக்கொள்வார். சேதக் குறிப்பேட்டில் வீட்டுக்காரரின் பெயரும் காணி இலக்கமும் இருக்கும். நட்டஈட்டு விண்ணப்பத்தோடு தொடர்புள்ள விவரம் அது, யானையின் தரவல்ல. பொதுப் பதிப்பில் அந்த இரண்டு நிரலும் எடுபட வேண்டும். குறிப்பேட்டின் மூலப்படி கமக்காரர் அமைப்பிடமே இருக்கட்டும். பட்டி பூட்ட அனுமதி கேட்கும் கடிதத்தோடேயே இந்த விதிகளையும், திட்டம் முடிந்தபின் அனுமதி கொடுக்கும் பொறுப்பு எந்தப் பதவிக்கு என்பதையும் எழுதிக் கையொப்பம் வாங்கிவிட வேண்டும். ஆளின் பெயரைப் போட்டால் அவர் இடமாற்றம் போன அன்றே தரவு பூட்டிக்கொள்ளும்.